கர்வ் பண்ணிய பயோடேட்டா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சிவகாசியை ஒட்டிய எங்கள் திருத்தங்கல்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் இந்த வருடம் ஆடிப் பதினெட்டு அன்று வந்த கோபத்தை நான் இன்றைக்கும் நியாயமான கோபம் என்றுதான் சொல்லுவேன்.

ஆடிப் பதினெட்டு எங்கள் ஊரில் காலண்டர் ஆல்பம் வெளியிடுகிற நாள். அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளையெல்லாம் ஒரே புத்தகமாகக் கட்டி, சாமி முன்னால் வைத்து, ஏஜென்ட்டுகளைக் கூப்பிட்டு லட்டு கொடுத்து ஆர்டர் பிடிப்பார்கள். எங்கள் பிரஸ்ஸில் இந்த வருட ஆல்பத்தில் அறுபத்திரண்டு டிசைன். அதில் நாற்பத்தொன்று நான் செய்தது. பதினோரு வருடமாக அந்த பிரஸ்ஸின் கம்ப்யூட்டர் அறையில் டிசைன் போட்டு, கலர் சரிபார்த்து, அச்சுத் தகடு எடுக்க, அதாவது பிளேட்டுக்கு, அனுப்புகிறவள் நான்தான்.

ஏஜென்ட்டுகள் கூடியிருந்த இடத்தில் முதலாளி ராஜபாண்டியன் தன் தங்கை மகன் புகழேந்தியின் தோளில் கை போட்டுக்கொண்டு, "இவருதான் இனிமே நம்ம டிசைன் ஹெட்டு" என்றார். புகழேந்தி வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. முதலாளி என் பக்கம் திரும்பி, "ஜெனிட்டா, நீ கூட இருந்து தம்பிக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடு" என்றார்.

"மொதலாளி, இதுல நாப்பத்தோரு டிசைன் என்னோடது" என்றேன். அத்தனை பேர் முன்னால்தான் சொன்னேன். மெதுவாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

"எல்லாம் கம்பெனியோடதும்மா. நீ கம்ப்யூட்டர்ல ஒக்காந்திருக்க, அம்புட்டுத்தான்."

"அப்ப நான் வேற கம்பெனி பாத்துக்கிடுறேன்."

அவர் சிரித்தார். ராஜபாண்டியன் கெட்ட மனிதர் இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பாரும்மா, நல்லாப் பாரு. நம்ம ஊரு ஆளை வெளியூர்க்காரன் எவன் கூப்பிடுறான்? வேலை குடுக்கிறது கெடக்கட்டும். இன்டர்வியூவுக்கு வான்னு ஒரே ஒரு கடுதாசி வந்துச்சுன்னா கொண்டாந்து காட்டு. தீபாவளி வரைக்கும் உன் எடத்துல ஆள் போடாம வச்சிருக்கேன். வரலைன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம வந்து வேலையப் பாரு."

ஏஜென்ட்டுகளும் சிரித்தார்கள். நான் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். "கொண்டாந்து காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எனக்கு முப்பத்து நான்கு வயது. அப்பா பால்துரை ஓய்வுபெற்ற வாத்தியார். வீட்டில் அடுப்பு எரியும், அதில் கவலையில்லை. ஆனால் தீபாவளிக்குள் ஒரு இன்டர்வியூ வராவிட்டால் அதே அறைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போய், புகழேந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, இங்கன கிளிக் பண்ணுங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கு ரெங்கபாளையம் பக்கம் பட்டாசுக்குத் திரி கிள்ளப் போய்விடலாம் என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே பயோடேட்டாவில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில் அனுப்புவார்கள். நான் டிசைன்காரி. இடது பக்கம் அரக்கு நிறப் பட்டை, அதற்கு ஒரு தங்கக் கோடு, வட்டத்துக்குள் என் போட்டோ. எனக்குத் தெரிந்த வேலைகளை மைத்துளி மைத்துளியாக நான்கு கலரில் காட்டியிருந்தேன். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கடைசியில் பழக்க தோஷத்தில் எல்லா எழுத்தையும் கர்வ் பண்ணினேன்.

கர்வ் என்றால் எங்கள் தொழிலில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் நாம் அடிக்கிற எழுத்து இன்னொரு மெஷினுக்குப் போனால், அந்த மெஷினில் அதே எழுத்துரு இல்லாவிட்டால், மாறிப்போகும். பல வருடத்துக்கு முன்னால் எங்கள் பிரஸ்ஸில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டம் கட்டமாக அச்சாகிவிட்டது. பெண் வீட்டார் வாசலில் வந்து நின்று போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்த ஃபைலும் என் கையை விட்டுப் போகும்முன் கர்வ் ஆகிவிடும். அதாவது, எழுத்தையெல்லாம் கோடுகளால் வரைந்த படமாக மாற்றிவிடுவது. அப்புறம் எந்த மெஷினுக்குப் போனாலும் ஒரு புள்ளி அசையாது. தூக்கத்தில் எழுப்பினாலும் முதலில் என் விரல் அதைத்தான் செய்யும்.

எங்கள் சபையில் என்னோடு பாட்டுக் குழுவில் இருக்கும் பியூலா விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "ஏட்டி, எனக்கும் ஒண்ணு இதே மாதிரி போட்டுக் குடு" என்றாள். அவளுக்கு ரோஜா நிற ஓரம் வைத்து, மூலையில் சின்னதாக விளக்குப் படம் வைத்துக் கொடுத்தேன். அதையும் கர்வ் பண்ணித்தான்.

பிறகு அனுப்ப ஆரம்பித்தேன். ஓசூர், கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று அட்டைப்பெட்டி அடிக்கிற கம்பெனி, மருந்துப் பெட்டி அடிக்கிற கம்பெனி, பாடப்புத்தகம் அடிக்கிற கம்பெனி எதையும் விடவில்லை. ஆவணி போனது, புரட்டாசி பாதி போனது. நூற்றுப் பதினெட்டு இடத்துக்கு அனுப்பியிருந்தேன். ஒருவர்கூட "யாரம்மா நீ" என்று கேட்கவில்லை.

ஊரில் எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. மதுரையில் வேலை வாங்கித் தருகிற ஆபீஸ்காரர், "சிவகாசின்னு போடாதீங்க மேடம், படிக்கிறவங்களுக்கு வெடிதான் ஞாபகம் வரும். மதுரைன்னு போட்டுருங்க" என்றார். எதிர்வீட்டு நாகையா மாமா போட்டோவைப் பார்த்துவிட்டு, "மொகத்துல ஒரு சிரிப்பு இல்லையேம்மா, பாத்தாப் பயமால்ல இருக்கு" என்றார். அப்பா மட்டும், "கோவத்தோட அனுப்புத, அதான்" என்றார்.

நான் ஒருவர் பேச்சையும் கேட்கவில்லை. மதுரைக்காரர் சொன்னதற்காகவே, சிவகாசி என்கிற எழுத்தை இன்னும் நான்கு புள்ளி பெரிதாக்கி அனுப்பினேன். பதினோரு வருடம் எந்த ஊரில் தொழில் கற்றேனோ அந்த ஊரை எதற்கு மறைக்க வேண்டும்? ஆனாலும் ஐப்பசி நெருங்க நெருங்க உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. முதலாளி சொன்னதுதான் சரியோ, எங்கள் ஊர் ஆட்களை எவனும் கூப்பிட மாட்டானோ என்று பஸ்ஸில் போகும்போது நினைப்பேன். நினைத்துவிட்டு என்மேலேயே எரிச்சல் படுவேன்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூர் கம்பெனி ஒன்றில் ப்ரீபிரஸ் சூப்பர்வைசர் வேலைக்கு விளம்பரம் பார்த்தேன். ப்ரீபிரஸ் என்பது அச்சுக்கு முந்தின வேலை எல்லாம். அதாவது நான் செய்துகொண்டிருந்த வேலை. காலை பத்து நான்குக்கு அனுப்பினேன். பத்து ஆறுக்குப் பதில் வந்துவிட்டது. "தங்கள் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம். வருந்துகிறோம்" என்று இங்கிலீஷில் இருந்தது.

இரண்டு நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் பால்கூடப் பொங்காது. அதில் என் பதினோரு வருடத்தை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்துவிட்டார்களாம். வேலை தராவிட்டால் போகட்டும், பொய் எதற்குச் சொல்ல வேண்டும்? கம்பெனியின் நம்பரைத் தேடி எடுத்துப் போன் போட்டேன். ஒருவர் எடுத்து இன்னொருவருக்கு மாற்றினார், அவர் பாட்டுப் போட்டார், பாட்டு முடிந்ததும் லைன் கட்டானது. மறுபடி போட்டேன். ஏழாவது தடவை ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம், எச்.ஆர்.ல இருந்து ரோஷினி பேசுறேங்க."

"நான் ஜெனிட்டா, சிவகாசியில இருந்து பேசுறேன். என் பயோடேட்டாவ ரொம்பக் கவனமாப் பாத்தீங்கன்னு மெயில் வந்திருக்கு. யாரு பாத்தது? அவங்க பேரு எனக்கு வேணும்."

"மேடம், அது சிஸ்டம் அனுப்புற மெயிலுங்க. நிறையப் பேர் அப்ளை பண்றதால, முதல்ல சிஸ்டம் படிச்சுப் பிரிச்சுடும். அப்புறம்தான் நாங்க பார்ப்போம்."

"சரி. உங்க சிஸ்டம் என்னத்தைப் படிச்சுச்சு? அதையாவது சொல்லுங்க. கேட்டுட்டு வச்சிடுறேன்."

அவள் தயங்கினாள். வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுமுனையில் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

"மேடம்... இங்க உங்க பேர் இல்லைங்க."

"பேர் இல்லையா?"

"பேர் காலியா இருக்கு. படிப்பு காலி. அனுபவம் பூஜ்யம்னு காட்டுது. நீங்க வெறும் தாளை அனுப்பிட்டீங்க போல."

"வெறும் தாளா? நாலு கலர்ம்மா அது! தொறந்து பாரும்மா!" நான் போட்ட சத்தத்தில் அப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

அவள் மவுஸைத் தட்டித் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் மாறியிருந்தது.

"ஆத்தாடி, எம்புட்டு அழகா இருக்கு!"

எனக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. "ஏம்மா, உனக்கு எந்த ஊரு?"

"நம்ம விருதுநகர்ப் பக்கம் மல்லாங்கிணறுக்கா" என்று சிரித்தாள். ஓசூர்த் தமிழ் எங்கேயோ போய்விட்டது. "அக்கா, ஒரு நிமிசம் அங்கனயே இருங்க. இதுல எழுத்தே இல்லக்கா. மவுஸை வச்சு இழுத்தா ஒரு எழுத்தும் புடிபட மாட்டேங்குது. மொத்தமும் படம். படத்தை எங்க சிஸ்டம் படிக்காது. எழுத்தாத்தான் இருக்கணும். நீங்க என்னக்கா பண்ணுனீங்க?"

நான் என்ன பண்ணினேன் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தலையில் நங்கு நங்கென்று அடித்துக்கொண்டேன். நூற்றுப் பதினெட்டு கம்பெனியையும், மதுரைக்காரரையும், கடவுளையும் இரண்டரை மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேனே. ஒருவரும் என்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நான் யாரென்றே ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு அழகாக முடியுமோ அவ்வளவு அழகாக நானே என் பெயரை அழித்து அனுப்பியிருக்கிறேன்.

"கர்வ் பண்ணிட்டேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அந்த வேலைக்கு அடுத்த வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் இருக்குக்கா. மறுபடி போடுங்க. கலர், கட்டம், போட்டோ ஒண்ணும் வேணாம், சாதா எழுத்தா இருக்கட்டும். எங்க விளம்பரத்துல என்ன வார்த்தை இருக்கோ, அது நெசமாவே நீங்க பாத்த வேலைன்னா அதே வார்த்தையில எழுதுங்க. என்ன செஞ்சீங்கன்னு மட்டும் இல்ல, எம்புட்டு செஞ்சீங்கன்னும் போடுங்க. அப்புறம், நான் சிபாரிசெல்லாம் பண்ண மாட்டேன். இன்டர்வியூ எடுக்குறது வேற ஆளு" என்றாள்.

"உன்கிட்ட எவ சிபாரிசு கேட்டா?" என்றேன். மறுபடி சிரித்தாள்.

வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. எனக்கு அது கை கட்டிப்போட்ட மாதிரிதான் இருந்தது. அலங்காரத்தை எல்லாம் எடுத்துவிட்டால் என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? பழைய பயோடேட்டாவில் "டிசைன் வேலை, பதினோரு வருடம்" என்று ஒரே வரிதான் இருந்தது. மீதியெல்லாம் பட்டையும் மைத்துளியும்தான். இப்போது வாக்கியமாக எழுத வேண்டியிருந்தது. நாங்கள் பிளேட்டுக்கு அனுப்புறது என்போம், அவர்கள் ப்ரீபிரஸ் என்கிறார்கள். கலர் பாக்குறது என்போம், அவர்கள் கலர் மேனேஜ்மென்ட் என்கிறார்கள். அதே வேலைதான், பெயர் மட்டும் வேறு. எழுதினேன்.

பிறகு எண்ண ஆரம்பித்தேன். வருடத்துக்கு எத்தனை டிசைன், எத்தனை பிளேட் என்று டைரிகளை எல்லாம் எடுத்துப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பிளேட் என் கையால் போயிருக்கிறது. தப்பாகிப் போய்த் திரும்பப் போட்டது இரண்டே இரண்டு. வேலைக்கு வந்த ஆறு பெண்களுக்கு நான்தான் வேலை பழக்கியிருக்கிறேன். இதையெல்லாம் தாளில் பார்த்தபோது அழுகை வந்தது. கோபமும் வந்தது, இந்தத் தடவை என்மேல். பதினோரு வருடமாக நானே எண்ணிப் பார்க்கவில்லை, முதலாளி எங்கே எண்ணப் போகிறார்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பியூலாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மறைத்திருக்கலாம். புதிதாக ஒன்று அடித்துக்கொடுத்து, "இது இன்னும் நல்லாருக்கும்" என்று தள்ளிவிட்டிருக்கலாம். அவள் என்னையே முறைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, ரெண்டு மாசமா நான் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன். நீ கர்வ் பண்ணி வச்சிருக்கியா?"

"தப்பு என்னோடதுதான். திட்டு."

திட்டினாள், கோயில் வாசல் என்றுகூடப் பார்க்காமல். திட்டி முடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்து, இதுவரை எத்தனை பிரசவம் பார்த்தாள், எத்தனை பச்சைப் பிள்ளைகளை இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றினாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் அடித்தேன்.

நூற்றுப் பதினெட்டில் பாதிக்கு மேல் தேதி முடிந்திருந்தது. கோயம்புத்தூரில் மனதுக்குப் பிடித்த வேலை ஒன்று இருந்தது, அதுவும் போயிருந்தது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. மீதியிலும் எனக்கு ஒத்துவருகிற பதினோரு இடத்துக்கு மட்டும், ஒவ்வொன்றுக்கும் அவர்கள் விளம்பரத்தைப் படித்துப் பார்த்துத் தனித்தனியாக எழுதி அனுப்பினேன். சிவகாசி என்பதை மறைக்கவில்லை, முதல் வரியிலேயே போட்டேன். நான்காம் நாள் ஓசூரிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. அடுத்த வாரத்துக்குள் இன்னும் மூன்று வந்தன.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது பிரஸ்ஸுக்குப் போனேன். தினசரிக் காலண்டர் ஓடுகிற சீசன். மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. கம்ப்யூட்டர் அறைக்குள் புகழேந்தி ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சின்னதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வேலை பழக்கிய யோகலட்சுமியும் பாண்டிலட்சுமியும் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள். முதலாளி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"வாம்மா, வா. வந்துட்டியா? நான் சொன்னேன்ல. சரி சரி, ஒக்காரு. லோடு ஏகப்பட்டது கெடக்கு" என்றார் சந்தோஷமாக.

ஓசூர் அழைப்பை அச்செடுத்த தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"இது நீயே அடிச்சதாம்மா? நீதான் எதையும் டிசைன் பண்ணிருவியே."

"இம்புட்டு அசிங்கமா நான் டிசைன் பண்ணுவேனா மொதலாளி?"

பாண்டிலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் போனை எடுத்து மீதி மூன்றையும் காட்டினேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்டர்வியூதானே. போயிட்டு வா. வேலை குடுக்கட்டும், பாப்போம். உன் எடம் அப்படியேதான் இருக்கு."

"நீங்க கேட்டது ஒரு கடுதாசி, நாலு கொண்டாந்திருக்கேன். வேலை கெடைக்கலைன்னா அஞ்சாவதுக்கு எழுதுவேன். அந்த எடத்துல நீங்க ஆள் போட்டுக்கிடுங்க."

அவர் முகம் சுருங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் யோகலட்சுமி, "அக்கா" என்றாள்.

யோகலட்சுமி அதிர்ந்து பேசாதவள். முதலாளி அறைக்குள் வந்தால் மூச்சுக்கூட மெதுவாக விடுவாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

"உனக்கு எதுக்கும்மா அது?" என்றார் முதலாளி. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அறையில் காலியாக இருந்தது என் பழைய இடம் ஒன்றுதான். போய் உட்கார்ந்தேன். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து முதல் வரியில் அவள் பெயரை அடித்தேன்.

"சொல்லு. எத்தனை வருசமா வேலை பாக்குற?"

"எட்டு வருசம்க்கா."

"ஏழு" என்றார் முதலாளி பின்னாலிருந்து. "ஏழுன்னு போடு. ஏழு வருசமாத்தான் பி.எஃப். புடிக்கோம்."

என் விரல் நின்றது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். இதை நான் சொல்லக் கூடாது. அவள் வருடம், அவள்தான் சொல்ல வேண்டும். யோகலட்சுமி முதலாளியை நேராகப் பார்த்தாள்.

"பி.எஃப். புடிக்காத ஒரு வருசமும் நான் வேலைக்கு வந்தேன் மொதலாளி."

எட்டு என்று அடித்தேன்.